துரைக்குப் பசி

"தீனி போட்டு வளர்த்து, அதே கையால மீன் வாயில தூக்கிப் போடறீங்களே மாப்பிள்ளை, பாவம் இல்லையா?"

மாமியார் கேட்டதும் மாப்பிள்ளை சிரித்துவிட்டார். அவர் கையிலிருந்த பிளாஸ்டிக் டப்பா நிறையத் தவிடு. தவிட்டுக்குள் மஞ்சள் மஞ்சளாய்ப் புழுக்கள், ஒரு கேரட் துண்டைச் சுற்றி நெளிந்துகொண்டிருந்தன.

"என்ன செய்யறது அத்தை? துரையோட சாப்பாடு அப்படி!"

துரை என்பது கூடத்துக் கண்ணாடித் தொட்டியில் உலாவும் அரோவானா மீன். முழ நீளம். கடையில் விற்கும் காய்ந்த தீனியை முகர்ந்துகூடப் பார்க்காது. நெளிந்தால்தான் வாயைத் திறக்கும்.

"நாங்க ஒரு வாரம் இருக்க மாட்டோம். தினம் ஒரு கரண்டி எடுத்துப் போட்டா போதும், அத்தை."

"நானா? கரப்பான் பூச்சியைப் பார்த்தாலே கட்டில் மேல ஏறுறவ நான்!"

"அம்மா, ப்ளீஸ்மா..." மகள் தாடையைப் பிடித்துக் கெஞ்சினாள்.

"சரி, சாமி விட்ட வழி" என்று தலையாட்டினார் மாமியார்.

ஒரு வாரம் கழித்து இருவரும் திரும்பியபோது வாசலே அலங்கோலமாய்க் கிடந்தது. மாமியார் யாரையும் தொடவிடாத ரோஜாத் தொட்டிகள் எல்லாம் கவிழ்ந்து, எங்கு பார்த்தாலும் மண்.

"பூனை வேலையா இருக்கும்" என்றாள் மகள்.

உள்ளே மாடிப்படிக்கு அடியில் வைத்துவிட்டுப் போன புழு டப்பாவைக் காணோம்.

"பார்த்தியா? உங்கம்மா தூக்கிப் போட்டுட்டாங்க!"

"மெதுவா பேசுங்க. எங்கம்மா அப்படியெல்லாம் செய்ய மாட்டாங்க." அவள் குரலில் சுரத்தே இல்லை.

சாமி கும்பிடும் மூலையிலிருந்து மாமியார் எழுந்து வந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"மாப்பிள்ளை, மன்னிச்சிடுங்க. நான்தான் கொன்னுட்டேன்."

அவர் கையில் டப்பா. அதைச் சுற்றி அவருடைய கம்பளிச் சால்வை.

"நீங்க கிளம்பினதுமே, இந்தப் புழுவெல்லாம் தொலையணும்னு சாமிகிட்ட கேட்டுட்டேன். விளையாட்டாதான் கேட்டேன். ஒண்ணொண்ணா நெளியறது நின்னு, வெள்ளையா விறைச்சுப் போச்சு. குளிருதோன்னு சால்வையைச் சுத்தி வெச்சேன். எழுந்திரிக்கவே இல்ல."

மாப்பிள்ளை டப்பாவைத் திறந்து ஒன்றை விரலால் மெல்லத் தொட்டார். அது வாலை வெடுக்கென்று ஆட்டியது.

"ஐயோ அத்தை! இது கூட்டுப்புழு. சாகல, தூங்குது. கொஞ்ச நாள்ல வண்டா எழுந்திரிக்கும். அப்புறம் முட்டை. அப்புறம் டப்பா டப்பாவா புழுதான்!"

"நிஜமாவா?" மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே பார்த்தார். "தொலையணும்னு கேட்டா இப்படி வாரிக் கொடுக்கறியே, சாமி!"

மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சட்டென்று மாப்பிள்ளையின் சிரிப்பு நின்றது.

"அப்ப துரை?"

தொட்டியை நோக்கி ஓடினார். துரை மினுமினுவென்று நீந்தி வந்தது. போன வாரத்தைவிட ஒரு சுற்றுப் பெருத்திருந்தது!

"நெளியலேன்னா இது தொடவே தொடாதே. இத்தனை நாள் என்ன அத்தை போட்டீங்க?"

மாமியார் மெல்லக் கையை முந்தானைக்குள் மறைத்தார். மகள் விடவில்லை, இழுத்துப் பார்த்தாள். நகக்கண்ணெல்லாம் மண்.

"அம்மா! ரோஜாத் தொட்டியையா நோண்டினே? பாவம்னு சொன்னியே!"

"கண்ணாடியில வந்து முட்டி முட்டி என் மூஞ்சியையே பார்த்துச்சுடி. பசிக்குதுன்னு பார்க்கறவனை எப்படி விடறது? பாவம்னா அது என் தலையோட போகட்டும். ஆனா மண்புழுவைக் கண்ணை இறுக்க மூடிக்கிட்டுதான் எடுத்தேன்..."

கொஞ்சம் வெட்கத்தோடு சேர்த்துக்கொண்டார்:

"முதல் நாள் மட்டும்."