ஐந்து மணி ரீடிங்

ஐந்து மணிக்குத் தொலைபேசி அடித்தது. எழில்மொழி எடுத்தாள்.

"தொண்ணூத்தி நாலு மெகாவாட், சார்."

"தொண்ணூத்தி நாலு. சரி மேடம்."

சுற்றிலும் குறுவை நடவு முடிந்த வயல்கள். நடுவே இந்த எரிவாயு மின்நிலையம். இங்கே ஓடும் டர்பைனின் மின்சாரம் சென்னைக்குப் போகிறது. எவ்வளவு போகிறது என்று மணிக்கு ஒரு தடவை சென்னையிலிருந்து கேட்டுக் குறித்துக்கொள்வார்கள்.

இங்கே சொல்கிறவள் ஷிஃப்ட் என்ஜினீயர் எழில்மொழி. அங்கே குறித்துக்கொள்கிறவர் நெடுமாறன். அவளுடைய அப்பா.

மூன்று வருடமாக இருவருக்கும் இடையே இந்த எண்களைத் தவிர வேறு பேச்சு இல்லை.

மூன்று வருடத்துக்கு முன்பு சென்னையைப் புயல் தாக்கிய அன்று, அவளோடு வசித்துவந்த அம்மா ரெங்கம்மாள் மூச்சுத் திணறலோடு கும்பகோணம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ரோட்டில் மரம் விழுந்து, எழிலை மாற்றிவிட வேண்டிய ஆள் வந்து சேரவில்லை. மற்ற ஊர்களிலிருந்து சென்னைக்குப் போகும் லைன்கள் ஒவ்வொன்றாக அறுந்துகொண்டிருந்தன.

"சார், அம்மாவுக்கு முடியலை. நான் போகணும்" என்று இதே தொலைபேசியில்தான் சொன்னாள்.

பேசுவதெல்லாம் பதிவாகும் தொலைபேசி அது; அதில் அப்பாவும் சார்தான், மகளும் மேடம்தான்.

"ஸ்டேஷனை விட்டு யாரும் நகரக் கூடாது மேடம்" என்றார் அப்பா. "இங்க ஆஸ்பத்திரியெல்லாம் உங்க கரண்ட்லதான் ஓடுது."

அவள் நகரவில்லை. டர்பைனும் நிற்கவில்லை.

விடியும்போது அம்மா தனியாகப் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

காரியத்தில் இருவரும் எதிரெதிரே நின்றார்கள். ஒருவரை ஒருவர் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு அவரும் கூப்பிடவில்லை, அவளும் கூப்பிடவில்லை. இருவருக்கும் ஒரே ஷிஃப்ட் விழும் நாட்களில் மெகாவாட்டைச் சொல்வாள். அவர் திருப்பிச் சொல்வார். அவ்வளவுதான்.

இன்று குறித்துக்கொண்ட பிறகும் அவர் வைக்கவில்லை. ஒரு மூச்சு கேட்டது, ஏதோ சொல்ல வாயெடுப்பது போல.

எழில் சட்டென்று ரிசீவரை வைத்துவிட்டாள்.

ஆறு மணிக்கு வேறு குரல்.

"மேடம், என் பேரு பகலவன். இனிமே இந்த சீட்டுல நான்தான்."

"நெடுமாறன் சார்?"

"இன்னிக்கு ரிட்டயர்டு மேடம். நாலு மணி ரீடிங்கோட ரிலீவ் பண்ணிட்டாங்க. மாலையெல்லாம் போட்டு, வழியனுப்பக் கீழ வண்டிகிட்ட நின்னுக்கிட்டிருந்தோம். உங்க ஸ்டேஷனோட அஞ்சு மணி ரீடிங்கை மட்டும் நானே எடுத்துட்டு வர்றேன்னு திரும்ப மேல ஏறி வந்துட்டாரு. நீங்க வெச்ச பிறகும் ரொம்ப நேரம் ரிசீவரைக் காதுலயே வெச்சிருந்தாரு."

எழில் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"சரி, சொல்லுங்க மேடம். ஆறு மணிக்கு எவ்வளவு?"

எழில் மீட்டரைப் பார்த்தாள். சொன்னாள்.

"கேக்கலையே மேடம். இன்னொரு தடவை சொல்லுங்க."