உட்காரச் சொன்னார்கள்

பூங்கோதையின் வயிற்றைப் பார்த்ததும் பஸ்ஸில் இரண்டு பேர் எழுந்துவிட்டார்கள். "உக்காரும்மா, புள்ளத்தாச்சி நிக்கலாமா?" அவள் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "வேணாங்க, நான் நிக்கிறேன்" என்றாள். எங்கே போனாலும் இதே இழவுதான். நாற்பத்திரண்டு வயதில் உள்ளே இருப்பது பிள்ளையில்லை, கர்ப்பப்பையில் தேங்காய் அளவுக்கு வளர்ந்துவிட்ட கட்டி என்று ஊருக்கெல்லாம் தமுக்கடிக்கவா முடியும்? அந்தக் கட்டியால்தான் உதிரம் நாள்கணக்காக நிற்கவே மாட்டேன் என்கிறது. இரண்டு நாப்கின் வைத்துக் கிளம்பியும் ஈரம் புடவைக்கு வந்துவிட்டது. உட்கார்ந்தால் சீட்டெல்லாம் கறை, நின்றால் கண்ணைக் கட்டிக்கொண்டு வருகிறது.

"அட, உக்காரேம்மா! விழுந்து வச்சா யாரு பதில் சொல்றது?" என்று எரிந்து விழுந்தார் கண்டக்டர்.

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆஸ்பத்திரியில் காட்டுவதற்காகப் பையில் வைத்திருந்த பெரிய ஸ்கேன் கவரை உருவினாள். "எல்லாப் பொம்பளைக்கும் வர்றதுதானே" என்று புருஷன் ஒரு மாதமாகப் பிரித்துக்கூடப் பார்க்காத கவர். அதைச் சீட்டில் போட்டு, அதன்மேல் தொப்பென்று உட்கார்ந்தாள்.

பக்கத்து சீட்டு அம்மாள் அவள் வயிற்றை ஆசையாகப் பார்த்தாள். "எத்தனாவது மாசம் கண்ணு?"

"பதினெட்டாவது நாளுங்க" என்றாள் பூங்கோதை.