பொட்டு வைத்த வாள்

"அசலா, போலியா? அதை மட்டும் சொல்லு தம்பி," என்றாள் தர்மாம்பாள்.

முகுந்த் வந்ததிலிருந்து இதே கேள்விதான். காபி கொடுக்கும்போதும் இதுதான், ஃபேனைப் போடும்போதும் இதுதான்.

விலை பேசுவதில் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டான். எண்பதைத் தாண்டியும் என்ன உஷார்.

முகுந்துக்கு ஔந்தில் ஃபிளாட், ஐ.டி. வேலை. பழைய ஜப்பானிய ராணுவ வாள் சேர்க்கும் பைத்தியம் பிடித்து ஒரு வருஷம்தான் ஆகிறது. அதற்குள் இரண்டு போலியை வாங்கி ஏமாந்து, மனைவி தேஜஸ்வினியிடம் வகையாக வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தான். "இதுவும் போலின்னா அதுலயே காய் நறுக்கப் போறேன்" என்று சொல்லித்தான் இன்று அனுப்பியிருந்தாள்.

பக்கத்துப் பகுதியான கட்கியில் ஒரு தமிழ் வீட்டில் வாள் இருக்கிறது, கொடுத்துவிடப் போகிறார்கள் என்று ஆபீஸில் ரீனா சொன்னதும் ஓடி வந்துவிட்டான்.

"இது எப்படிம்மா உங்ககிட்ட?"

"மாமனார் பட்டாளத்துல இருந்தார். பர்மாவுல ஜப்பான்காரன் தோத்தப்போ கொண்டு வந்தது. அவருக்கப்புறம் என் வீட்டுக்காரர் வெச்சிருந்தார். இப்ப அவரும் போயாச்சு."

உறையிலிருந்து உருவினான். வாள் புது எவர்சில்வர் தட்டு மாதிரி மின்னியது.

"இதை என்ன பண்ணீங்க?"

"ஆயுத பூஜைக்கு முதல் நாள் உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சிடுவார். ஃபாக்டரிக்காரராச்சே, துருவைக் கண்டா அவருக்குத் தூக்கம் வராது."

கெட்டது குடி. இப்படித் தேய்த்த வாளில் வயசை எங்கே தேடுவது? ஒரே ஒரு இடம்தான் பாக்கி. கைப்பிடியில் கோத்திருந்த மூங்கில் ஆணியைத் தட்டி எடுத்து, பிடியை மெல்லக் கழற்றினான்.

உள்ளே மறைந்திருந்த அடிப்பகுதியில் உப்புத்தாள் பட்டதே இல்லை. கறுத்து இறுகிப்போன துரு. அதற்கு நடுவே உளியால் வெட்டிய ஜப்பானிய எழுத்துகள். அவன் ஏமாந்த இரண்டிலும் ஆசிட் ஊற்றி வரவழைத்த செந்துருதான் இருந்தது, எழுத்தும் அச்சுக் குத்தியது. இதில் சந்தேகமே வேண்டாம், அசல்.

அதைச் சொல்லத்தான் நிமிர்ந்தான். ஆனால் வாய் திறப்பதற்குள் புத்தி குறுக்கே வந்தது. அசல் என்றால் இந்தம்மா விலையை ஏற்றிவிடுவாள்.

"போலிதாம்மா," என்றான். "சண்டை முடிஞ்சதும் சிப்பாய்ங்க ஊருக்கு வாங்கிட்டுப் போக யாரோ செஞ்சு வித்தது. இது எந்த ஜப்பான்காரன் கையிலயும் இருந்ததில்ல."

"இருந்ததே இல்லையா?"

"இல்லவே இல்லை."

தர்மாம்பாள் நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

அவனுக்குக் கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. "விடுங்கம்மா. போலியானாலும் ஏதோ கொடுத்து நானே எடுத்துக்கறேன்."

"காசுக்கு அழலப்பா." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எங்கப்பா மலாயாவுல ரப்பர் தோட்டத்துல இருந்தார். சயாமுல ரயில் பாதை போடணும்னு ஜப்பான்காரன் இழுத்துட்டுப் போனான். நான் அப்ப அம்மா வயித்துல. தாங்க முடியாம ஓடப் பாத்தாராம். புடிச்சு, எல்லாரையும் சுத்தி நிக்க வெச்சு, வாளால வெட்டினாங்களாம். கூட இருந்தவர் வந்து சொன்னது."

முகுந்த் கையிலிருந்ததைக் கீழே வைத்தான்.

"கல்யாணமாகி இங்க வந்தா, சுவத்துல இது. இந்த வீட்டுக்கே அதுதான் பெருமை. வாயைத் திறந்து யார்கிட்டச் சொல்ல? வருஷா வருஷம் சந்தனம் பூசி, பொட்டு வெச்சு, விழுந்து கும்பிட்டேன். அப்பனை வெட்டினதையே கும்பிடறோமேன்னு அன்னிக்குப் பூரா சோறு இறங்காது. இப்பத்தான் நிம்மதி. வெறும் இரும்புக்குத்தான் பொட்டு வெச்சிருக்கேன்."

முகுந்த் வாளை மறுபடி எடுத்தான். பிடியை மாட்டி, ஆணியைச் செருகினான்.

"நான் எடுத்துட்டுப் போயிடறேன்மா. இனி இது உங்க கண்ணுல படாது."

"போலியை நீ எதுக்குச் சுமக்கணும்? அசலா இருந்தா காசு வாங்காமலே உனக்குக் கொடுத்திருப்பேன். மாமனார் வாளை அருமை தெரிஞ்சவங்க கையில கொடுன்னுதான் என் வீட்டுக்காரர் சொல்லிட்டுப் போனார். போலிக்கு என்ன மரியாதை? இத்தனை வருஷம் என்னைப் படுத்தினது பழைய இரும்பாப் போறதை நான் பாக்கணும்."

தெருவில் பழைய இரும்பு வாங்கும் பங்கார்வாலாவின் குரல் கேட்டது. அவளே பால்கனிக்குப் போய்க் கை தட்டி நிறுத்தினாள்.

"அம்மா, அது வந்து..." என்றான் முகுந்த்.

சட்டென்று திரும்பினாள். "என்னப்பா? அசலா?"

அவள் முகத்தில் மறுபடி பயம் ஏறிவிட்டது. ஆமாம் என்றால் போதும், வாள் அவனுடையது. சும்மாவே கிடைக்கும்.

"இல்லம்மா. கனமா இருக்கு, நீங்க தூக்க வேண்டாம். நானே கீழ கொண்டுபோய்க் கொடுக்கறேன்னு சொல்ல வந்தேன்."

படியிறங்கி வாளைத் தள்ளுவண்டியில் வைத்தான். பங்கார்வாலா அதை உருவித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவனுக்கும் அதே கேள்விதான், அசலா என்று.

"அஸ்லி ஹை க்யா, சாப்?"

முகுந்த் அண்ணாந்து பார்த்தான். பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தர்மாம்பாள் நின்றிருந்தாள்.

"நக்லி ஹை, போலி," என்றான், அவளுக்குக் கேட்கும்படி உரக்க.