அடிபட்டவள் கண்ணைத் திறக்கக் கூடாது

துர்காவின் நெற்றியிலிருந்து ரத்தம் புருவத்தைத் தாண்டிக் கண்ணோரம் வரை வழிந்திருந்தது. சிமென்ட் தரையில் மல்லாந்து கிடந்தாள். பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த ஷிஃப்ட் சூப்பர்வைசர் நிர்மலாதேவி அழவும் இல்லை, ஆம்புலன்ஸைக் கூப்பிடவும் இல்லை.

"இன்னும் கொஞ்சம் ஊத்துக்கா," என்றாள் துர்கா. "மண்டையில அடிபட்டா இவ்ளோதான் வருமா?"

நிர்மலாதேவி கேன்டீன் தக்காளி சாஸ் பாட்டிலைக் குலுக்கி இன்னும் கொஞ்சம் விட்டாள்.

மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் டப்பா செய்கிற கம்பெனி அது. துர்கா அங்கே சேஃப்டி ஆபீசர். விபத்து நடந்துவிட்டதாக வைத்துக்கொண்டு, யார் எப்படி ஓடுகிறார்கள், அடிபட்டவரை எப்படித் தூக்குகிறார்கள் என்று பார்க்கிற மாக் டிரில்லை வழக்கமாக அவள்தான் நடத்துவாள். இன்றைக்கு அவளுக்கே சொல்லாமல் மேனேஜர் ஏற்பாடு செய்திருக்கிறாராம். அவள் சொல்லிக்கொடுத்ததெல்லாம் ஆட்களின் மண்டையில் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். அதனால் அடிபட்டவளும் அவளே. காலை டீ முடிந்த கையோடு நிர்மலாதேவிதான் வந்து சொன்னாள்.

போன மாதம் மோல்டிங் மெஷினில் கலைச்செல்வன் கையைச் சுட்டுக்கொண்டதிலிருந்து துர்காவுக்குத் தூக்கம் கிடையாது. அந்தப் பையன் கை ஆறி, வேலைக்கு வந்து, பழையபடி எல்லாரையும் கிண்டல் செய்துகொண்டு திரிகிறான். இவள்தான் சாரம் பகுதியில் இருக்கிற வாடகை வீட்டில் ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள். கண்ணை மூடினால் யாருடைய கையாவது மெஷினுக்குள் போகும்.

லீவு போடச் சொன்ன நிர்மலாதேவியிடம் எரிந்து விழுந்தாள். இரண்டு நாள் ஊருக்குப் போய்விட்டு வா என்ற மேனேஜரிடமும் அதே பாட்டுதான்: நான் படுத்துக்கொண்டால் இங்கே யார் பார்ப்பது. மனநலம் காப்போம் என்று கம்பெனிச் சுவரில் ஒரு போஸ்டர் இருக்கிறது. ஒட்டியதே துர்காதான். ஏணியைக் கீழே ஒழுங்காகப் பிடித்திருக்கிறார்களா என்ற கவலையில் அதில் என்ன எழுதியிருக்கிறது என்றுகூட அவள் படிக்கவில்லை.

இந்த டிரில் சொதப்பினால் நாளைக்கே வேலையை விட்டுவிடுவது என்று தரையில் கிடந்தபடியே முடிவெடுத்தாள். தொண்டை கிழியக் கத்தியும் ஒருவனுக்கும் ஏறவில்லையென்றால் அப்புறம் இவள் எதற்கு, இந்த விழிப்பு எதற்கு.

"ரூலு ஞாபகம் இருக்கட்டும்," என்று தலைக்கு மேலே ஒரு குரல். மூத்த ஆபரேட்டர் கலியபெருமாள். போன டிரில்லில் செத்துக்கிடக்க வேண்டியவர், டீ வாசனை வந்ததும் எழுந்து குடித்துவிட்டு மறுபடி செத்தார். துர்கா அன்றைக்கு ஆடிய ஆட்டத்தைக் கம்பெனி இன்னும் மறக்கவில்லை. "சைரன் அடிக்கிற வரிக்கும் அடிபட்டவங்க கண்ணத் தொறக்கக் கூடாது. நீ சொன்னதுதாம்மா."

"எனக்கே பாடமாண்ணே? தூக்குங்க," என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

ஸ்ட்ரெச்சரில் தூக்கினார்கள். ஓடி வந்திருக்க வேண்டும். ஏதோ சாமி ஊர்வலம் மாதிரி நடந்தார்கள். ஸ்ட்ரெச்சர் ஏணை போல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. சாஸுக்கு ஆசைப்பட்டு ஓர் எறும்பு காதோரமாக ஏறியபோதுகூட அவள் அசையவில்லை. ரூல் என்றால் ரூல்.

முதலுதவி அறையில் கொண்டுபோய்க் கிடத்தினார்கள். நாடி பார்ப்பார்கள் என்று காத்திருந்தாள். ஒருவரும் பார்க்கவில்லை. யாரோ ஈரத்துணியால் நெற்றியைத் துடைத்தார்கள், யாரோ திரைச்சீலையை இழுத்துவிட்டார்கள், ஃபேன் சுற்றத் தொடங்கியது. வெளியே மோல்டிங் மெஷின்கள் ஒரே தாளத்தில் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தன. டிரில் என்றால் முதல் வேலையாக மெஷினை நிறுத்த வேண்டும். எத்தனை தடவை சொல்லியிருப்பாள். எழுந்ததும் இவர்களைக் கிழித்துத் தோரணம் கட்டுகிறேன் என்று பல்லைக் கடித்தாள். முதலில் அந்த மெஷின் ஆட்களை. அப்புறம் நாடி பார்க்காதவர்களை. அப்புறம்...

அவள் கண்ணைத் திறந்தபோது திரைச்சீலை இடுக்கில் வெயில் மஞ்சளாகச் சாய்ந்திருந்தது.

துர்கா துள்ளி எழுந்து ஜன்னல் துணியை விலக்கினாள். கலைச்செல்வன் கழுத்தில் அவளுடைய விசிலை மாட்டிக்கொண்டு, கையுறை போடாத ஒருவனை வழிமறித்து வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தான். அவன் தலையைச் சொறிந்தபடி கையுறை எடுக்கப் போனான். மெஷின்கள் ஓடின. எல்லாருடைய கைகளும் அதனதன் இடத்தில் இருந்தன.

சைரன் அடித்ததுகூடத் தெரியாமல் தூங்கித் தொலைத்திருக்கிறாள். ஊருக்கெல்லாம் ரூல் போட்டவள்.

கதவைத் தள்ளிக்கொண்டு நிர்மலாதேவியும் கலியபெருமாளும் வந்தார்கள். அவர் கையில் டீ டம்ளர்.

"அண்ணே," என்றாள் துர்கா. "நான் தூங்கிட்டேன். என்னாலயே டிரில் ஃபெயிலாயிடிச்சா?"

கலியபெருமாள் டீயை நிதானமாக ஆற்றி அவள் கையில் கொடுத்தார்.

"டிரில்லே கெடையாதும்மா. உன்னப் படுக்க வெக்க எங்களுக்கு வேற வழி தெரியல."