பதில்குரல்

மார்கழிப் பனியில் மலை சுற்ற வந்த டவுன்காரர்கள் கேலியும் சிரிப்புமாக முன்னே போய்விட்டார்கள். பின்தங்குகிறவர் கூப்பிட்டால் பதில்குரல் கொடுக்கத்தான் மாசாணத்தைக் கடைசி ஆளாகக் கூலிக்கு வைத்திருந்தார்கள்.

பின்தங்கியவர் ஜெயசீலன், மாசாணம் வேலை பார்த்த எஸ்டேட்டின் பழைய மேனேஜர். பிரசவ வலியில் பெண்டாட்டி துடித்த அன்று ஜீப் கேட்டு நின்ற மாசாணத்திடம், "கத்துறவ கத்திட்டுக் கிடக்கட்டும், போடா" என்று கதவைச் சாத்தியவர். அவள் பிழைக்கவில்லை.

இப்போது நாலு எட்டுத் தள்ளி, பனிக்குள் அவர் கத்துகிறார். குளிரில் தொண்டை கட்டிய குரல், முன்னே போனவர்களுக்கு எட்டவில்லை. "யாராவது இருக்கீங்களா? பக்கத்துல பள்ளம் இருக்குப்பா, சத்தம் குடுங்க!"

மாசாணம் பாறையில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தான்.

"பீடி வாசம் வருது... யாருண்ணே அது? அண்ணே!"

முன்னாலிருந்து ஒருத்தர் கூவினார்: "மாசாணம், பின்னால எல்லாரும் வர்றாங்களா?"

"எல்லாரும் வர்றோம் சார், நீங்க போங்க!"

பனிக்குள் கத்தல் நின்றது. கொஞ்சம் கழித்து, "மாசாணமா?" என்று மட்டும் வந்தது.