நியூ ஆர்லியன்ஸ் சுரேன்

"ஏங்க்கா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க? பார்னா பயமா? உள்ள வாங்க."

சந்திரகாந்திக்குக் கால் நகரவில்லை. கொஸ்லந்தையில் ஏறி, பெரகலையில் பஸ் மாறி, மேட்டுப் பாதையில் நடந்து வந்தபோதுகூட அவளுக்கு இப்படி மூச்சு வாங்கவில்லை.

ஒரு காலத்தில் தேயிலைத் தோட்டத் துரையின் பங்களாவாக இருந்த ஹோட்டல். பளபளக்கும் மரக் கவுண்டருக்குப் பின்னால் கூரைவரை போத்தல்கள். அவளைப்போலக் கொழுந்து பறிக்கும் பெண் யாரும் அதுவரை அந்தத் தரையை மிதித்திருக்க மாட்டாள். போத்தல்களின் முன்னால் நின்றவனின் சட்டையில் பெயர்ப்பட்டி மின்னியது.

"நீங்கதான்... சுரேனா?"

"நாந்தான். பேப்பர்ல என்னப் பத்திப் போட்டதப் பாத்துட்டு வந்தீங்களாக்கா?"

"ஆமாங்க. பேரு மட்டும் இருந்திச்சு. படம் போடல."

"நாந்தான் வேணாம்னுட்டேன். வெக்கம்!" அவன் சிரித்தான். "தம்பிக்கு வேல கேட்டு வந்தீங்களா? தெனம் யாராச்சும் வாறாங்க. ஒக்காருங்க. வெராந்தாவில இருக்கிற வெள்ளக்காரருக்கு ஒரு சஸராக் கலந்து குடுத்துட்டு வாறேன்."

உயரமான நாற்காலியின் நுனியில் அவள் உட்கார்ந்தாள். கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

சீனிக்கட்டியில் கசப்புச் சாற்றைச் சொட்டவிட்டு நசுக்கினான். விஸ்கியை ஊற்றி ஐஸ் போட்டுக் கலக்கினான். இன்னொரு கிளாசில் பச்சை நிறத்தில் எதையோ கொஞ்சம் விட்டுச் சுழற்றி, அப்படியே வெளியே கொட்டினான். சோம்பு வாசனை அடித்தது.

"கொட்டிட்டீங்களே!"

"இதுக்கு வாசம் மட்டும் போதும்க்கா. இது நியூ ஆர்லியன்ஸ்ல கிரியோல்காரங்க குடிக்கிற சரக்கு. நூத்தம்பது வருஷத்து ரெஸ்டூரண்ட்ல, அந்தப் பார்லயே நின்னு படிச்சது. தரையெல்லாம் கறுப்பும் வெள்ளையுமாக் கல்லு. ஞாயித்துக்கெழமைன்னா ட்ரம்பட் ஊதிக்கிட்டு மேச மேசயா வருவாங்க."

அவள் சுவர்ப்பக்கம் திரும்பினாள். சுவரில் கண்ணாடி போட்டு ஒரு கடிதம் தொங்கியது.

"அதுல என்னங்க எழுதியிருக்கு?"

"அந்த மொதலாளி குடுத்த நற்சான்று. 'நல்லையா சுரேன் போல ஒரு பார்மேனை நாங்கள் கண்டதில்லை'ன்னு."

"அங்க வேற இலங்கையாளுங்க வேல செஞ்சாங்களா?"

"பார்ல சுரேன்னு ஒரே ஒருத்தன். நாந்தான்."

"ஊர்ல குடும்பம்?"

"ஒண்டிக்கட்டக்கா. எனக்குன்னு யாரும் இல்ல." கலந்ததை அந்தக் கிளாசில் வடித்து, எலுமிச்சைத் தோலை முறுக்கி அதன் மேல் பிழிந்தான்.

சந்திரகாந்தி நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

"அந்தப் பார்ல கடைசி நாற்காலியில யாரையும் ஒக்கார விட மாட்டாங்களாமே? செத்துப்போன பெரிய மொதலாளியோடதுன்னு வருஷம் பூரா சும்மாவே கெடக்குமாமே?"

அவன் சிரிப்பு நின்றது.

"அது... ஒங்களுக்கு யாரு சொன்னா?"

"எம் புருஷன்." அவள் நாற்காலியை விட்டு இறங்கினாள். "நல்லையா சுரேன். ஆறு வருஷமா அவருகிட்டருந்து ஒரு போன் இல்ல. இன்னைக்கு அவரக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன். சொல்லு, அவரு எங்கடா?"