முன்சக்கரத்து எலுமிச்சை

எழுபத்தெட்டு சித்திரையில், வேலுசாமி புதிதாக வாங்கிய பழைய ஜீப்பில் அவனும் பிச்சையாவும் எங்கள் அய்யாவுமாக மூன்று கூட்டாளிகளும் கொடைக்கானலைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினார்கள். மலை ஏறுமுன் வத்தலக்குண்டில் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள்.

வழியில் டீ குடிக்க நிறுத்தியபோது, இடது முன்சக்கரத்தடியில் குங்குமம் வைத்த பழம் ஒன்று முழுசாகக் கிடந்தது. வேறு யாரோ வைத்தது என்று நினைத்து அதன் மேல் வண்டியை ஏற்றினான் வேலுசாமி. அடுத்த நிறுத்தத்திலும் கிடந்தது. இந்தத் தடவை நகத்தால் ஒரு கீறல் போட்டுவிட்டு ஏற்றினான். ஏரிக்கரையில் அதே கீறலோடு கிடந்தது.

"திரும்பிப் போயிருவோம்," என்றார் அய்யா. "கெடந்துட்டுப் போகுது, என்ன கெட்டுப்போச்சு?" என்றான் பிச்சையா. மூன்று நாள் படகு விட்டார்கள், பிளம்ஸ் தின்றார்கள், காட்டுக்குள் சுற்றினார்கள். எங்கே நின்றாலும் பழம் இருந்தது. பழகிவிட்டது.

நாலாம் நாள் காலையில் இறங்கும்போது, குஷியில் வேலுசாமி வண்டியை விரட்டினான். பாதி மலையில் டீக்கு நிறுத்திவிட்டுக் குனிந்தால், சக்கரத்தடியில் ஒன்றுமில்லை. சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"பழம் இல்லாம நான் வண்டிய எடுக்க மாட்டேன்."

மூவரும் இன்னொரு டீ சொல்லி நிதானமாகக் குடித்தார்கள்.

கிளாஸை வைத்துவிட்டு வேலுசாமி மறுபடி குனிந்தான். பழம் வந்திருந்தது. மேலெல்லாம் புழுதி. கீறலில் செம்மண் அப்பியிருந்தது.

"பாவம், ஓடியாந்திருக்கு," என்றான் பிச்சையா. "ஏலே வேலு, இனிமேயாச்சும் மெதுவாப் போ."